மெடல் ஆஃப் ஹானரா, டெட்ரிஸா: ஒரு கவன ஆய்வும் அதன்மேல் நடந்த இருபது ஆண்டு விவாதமும்

கணினித் திரையின் நடுவில் ஒரு சின்னக் குறி. பார்வையை அதிலேயே வைத்திருக்க வேண்டும். சட்டென்று நடுவிலிருந்து எட்டுத் திசைகளிலும் சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி சதுரங்கள் வரிசையாகத் தோன்றும், அதில் ஓர் இடத்தில் மட்டும் சதுரத்துக்குப் பதிலாக வட்டத்துக்குள் ஒரு முக்கோணம் இருக்கும். கண்ணைத் திருப்ப நேரமே கிடையாது. தோன்றிய வேகத்தில் எல்லாம் மறைந்துவிடும், உடனே திரை முழுக்க வேறு கோடுகள் வந்து கண்ணில் மிச்சமிருக்கும் பிம்பத்தையும் அழித்துவிடும். முக்கோணம் எந்தத் திசையில் இருந்தது? இதுதான் கேள்வி. நடுவிலிருந்து 10 பாகை தள்ளி இருந்தால் ஓரளவு சொல்லிவிடலாம், 30 பாகை தள்ளிப் போனால் பலருக்கும் திணறல்தான்.

அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2000-ஆம் ஆண்டுவாக்கில் இந்தச் சோதனைக்கான நிரலை எழுதிக்கொண்டிருந்தவர் ஷான் கிரீன் என்ற இளங்கலை மாணவர். தானே உட்கார்ந்து சோதித்துப் பார்த்தபோது அவருக்குக் கிடைத்த மதிப்பெண், ஏற்கெனவே வெளியான ஆய்வுகளில் இருந்ததைவிட எங்கேயோ மேலே இருந்தது. நிரலில்தான் பிழை என்று நினைத்தார். நண்பர்களை உட்கார வைத்தால் அவர்களும் அப்படியே. ஆய்வகத்தின் தலைவர் பேராசிரியர் டாஃப்னி பாவெலியே உட்கார்ந்தபோது மட்டும் எல்லோருக்கும் வருகிற மாதிரி சாதாரண மதிப்பெண் வந்தது. ஆக நிரலில் பிழை இல்லை. கிரீனுக்கும் அவர் நண்பர்களுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், எல்லோரும் வேகமான ஷூட்டிங் கேம்களை மணிக்கணக்கில் ஆடுகிறவர்கள்.

உளவியலில் கவனம், அறிதிறன், மூளையின் நெகிழ்திறன் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கிற நிகழ்வுகளில் இதற்கு இணையாகப் பாடம் சொல்லும் இன்னொன்றை நான் பார்த்ததில்லை. கேம் ஆடினால் மூளை கூர்மையாகும் என்று செய்தித்தாள்கள் தலைப்புப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டன. உண்மையில் இந்த ஆய்வின் உயிர்நாடி அங்கே இல்லை, யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் இருபது ஆண்டுச் சண்டை முழுவதும் புரிந்துவிடும்.

அதுவரை என்ன நம்பினார்கள்

பாவெலியே பாரிஸில் உயிரியல் படித்தவர். எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றபின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் ஹெலன் நெவிலிடம் சேர்ந்தார். பிறவியிலேயே காது கேளாதவர்களின் மூளை பார்வைத் தகவலை எப்படிக் கையாள்கிறது என்பது அங்கே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. கேளாதவர்களுக்கு எல்லாப் பார்வைத் திறனும் கூடிவிடுவதில்லை. நடுப்பார்வை மற்றவர்களுக்கு இருப்பதைப் போலத்தான் இருக்கும், ஆனால் ஓரத்தில் நடப்பதைக் கவனிக்கும் திறன் தெளிவாகக் கூடியிருக்கும். பின்னாலிருந்து வருகிற வண்டியைக் காதால் அறிய முடியாதபோது, அந்த வேலையின் ஒரு பகுதியை ஓரப்பார்வை எடுத்துக்கொள்கிறது. முக்கோணச் சோதனைக்குப் பின்னால் இருந்ததும் இந்த ஆர்வம்தான். கேளாதவர்களுக்காகத் தயாரான சோதனையில் யாரும் எதிர்பாராமல் கேமர்கள் வந்து மாட்டினார்கள்.

இது ஏன் பெரிய விஷயமானது என்று புரிய, அன்றைய நம்பிக்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில வாரங்கள் மூடி வைத்தால், பிறகு திறந்தாலும் மூளை அந்தக் கண்ணை ஏறக்குறையக் கைவிட்டுவிடும் என்று 1960-களில் ஹியூபலும் வீசலும் காட்டினார்கள். அதையே வளர்ந்த பூனைக்குச் செய்தால் அந்தப் பாதிப்பு வருவதில்லை. 1981-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது, 'முக்கியப் பருவம்' என்ற கருத்தும் வேரூன்றியது: குழந்தைப் பருவத்தில் மூளை இளகியிருக்கும், அப்புறம் இறுகிவிடும். பெரியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் எதுவுமே மாறாதா என்றால் மாறும், ஆனால் மிகக் குறுகிய அளவில். 1991-இல் கார்னியும் சாகியும் செய்த ஆய்வில், திரையின் ஒரு மூலையில் சிறுகோடுகளின் வடிவத்தைப் பிரித்தறியப் பழகியவர்கள் அதே மூலையில்தான் தேறினார்கள், இன்னொரு மூலைக்கு மாற்றினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பயிற்சி எதில் கொடுத்தோமோ அதில் மட்டும் முன்னேற்றம் என்பது அந்தத் துறையையே விடாமல் துரத்திய சிக்கல்.

அந்தச் சூழலில்தான், திரையில் எதிரிகளைத் துரத்திச் சுட்டவர்கள் அதற்குச் சம்பந்தமே இல்லாத முக்கோணத்தைக் கண்டுபிடிப்பதிலும் தேறியிருந்தார்கள் என்ற செய்தி வந்தது.

2003

கிரீனும் பாவெலியேவும் எழுதிய கட்டுரை 2003 மே மாதம் 'நேச்சர்' இதழில் வெளியானது. மொத்தமே நான்கு பக்கம், அதற்குள் ஐந்து சோதனைகள். கேமர் என்பதற்கு அவர்கள் வைத்த அளவுகோல்: முந்தைய ஆறு மாதங்களாக வாரத்தில் குறைந்தது நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரமாவது ஆக்‌ஷன் கேம் ஆடியிருக்க வேண்டும். பங்கேற்றவர்கள் 18 முதல் 23 வயதுக்குட்பட்ட ஆண்கள். அந்த அளவுக்கு ஆடும் பெண்கள் அப்போது போதுமான எண்ணிக்கையில் கிடைக்கவில்லை.

திரையில் நொடிப்பொழுது தோன்றும் சதுரங்களை எண்ணச் சொன்னால் மற்றவர்கள் சராசரியாக 3.3 வரை பிழையில்லாமல் சொன்னார்கள், கேமர்கள் 4.9 வரை சொன்னார்கள். முக்கோணச் சோதனையில் நடுவிலும் ஓரத்திலும் கேமர்களே முன்னால் இருந்தார்கள். விளையாட்டில் கண் பழகியிராத தூர ஓரத்தில்கூட அந்த முன்னிலை குறையவில்லை. எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ந்து வரும்போது ஒன்றைப் பிடித்தபின் அடுத்ததைத் தவறவிடுகிற அந்தச் சிறு இடைவெளி, 'கவனச் சிமிட்டல்' என்பார்கள், அதிலும் கேமர்கள் சீக்கிரம் மீண்டார்கள்.

சரி, இதில் ஓட்டை எங்கே என்று படிப்பவர்களுக்கே தெரியும். இயல்பாகவே கவனம் கூர்மையாக உள்ளவர்கள்தான் ஷூட்டிங் கேமில் நிலைத்திருப்பார்கள், மற்றவர்கள் நாலு முறை தோற்றதும் விட்டுவிடுவார்கள். உயரமானவர்கள் கூடைப்பந்து ஆடுவதைப் பார்த்துவிட்டு, கூடைப்பந்துதான் உயரத்தைக் கொடுத்தது என்று சொல்ல முடியாதல்லவா?

அதனால்தான் ஐந்தாவது சோதனை வந்தது, என் பார்வையில் கட்டுரை முழுவதும் நிற்பது அதன்மேல்தான். கேம் ஆடிப் பழக்கமில்லாதவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு இரண்டாம் உலகப்போரைக் களமாகக் கொண்ட 'மெடல் ஆஃப் ஹானர்' கேமை நாளுக்கு ஒரு மணி நேரம், தொடர்ந்து 10 நாள் ஆடியது. இன்னொரு குழுவுக்கு அதே நேரக்கணக்கில் டெட்ரிஸ். டெட்ரிஸும் வேகமானதுதான், கையும் கண்ணும் ஒத்துழைக்க வேண்டும், ஆனால் அதில் ஒரு சமயத்தில் ஒரே ஒரு கட்டையைக் கவனித்தால் போதும். பயிற்சிக்குப் பின் மெடல் ஆஃப் ஹானர் குழு எண்ணும் சோதனை, முக்கோணச் சோதனை, எழுத்துச் சோதனை மூன்றிலும் டெட்ரிஸ் குழுவைவிட அதிகம் தேறியிருந்தது. வெறும் பத்து மணி நேரத்தில்.

இரு குழுவையும் சேர்த்தால்கூட இருபது பேர் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அன்றைய ஆய்வுகளுக்கு அது வழக்கமான எண்ணிக்கைதான், ஆனால் அவ்வளவு சிறிய குழுவில் ஓரிருவர் விலகினாலே சராசரி ஆடிப்போகும்.

அடுத்து வந்தவை

2007-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஃபெங், ஸ்பென்ஸ், பிராட் மூவரும் பெண்களையும் சேர்த்துக்கொண்டு 10 மணி நேரப் பயிற்சியைச் செய்தார்கள். ஓரக்கவனத்திலும், ஒரு உருவத்தை மனத்துக்குள் சுழற்றிப் பார்க்கும் திறனிலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இருந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. பாவெலியேவின் ஆய்வகம் பயிற்சியை 50 மணி நேரமாகக் கூட்டியது, ஒன்பது வாரங்களில் பரப்பி. 2009-இல் 'நேச்சர் நியூரோசயன்ஸ்' இதழில் வந்த கட்டுரைப்படி, சாம்பல் நிறத்தின் மெல்லிய வேறுபாடுகளைப் பிரித்தறியும் திறன்கூடக் கூடியிருந்தது. அது கவனத்தைவிட அடிமட்டத்திலுள்ள பார்வைத் திறன், கண்ணாடி போட்டோ அறுவை சிகிச்சை செய்தோதான் மாற்ற முடியும் என்று நினைத்திருந்தார்கள். பயிற்சி முடிந்து சில மாதங்கள் கழித்தும் அந்த முன்னேற்றம் நின்றது. இந்த முறை ஒப்பீட்டுக் குழு ஆடியது 'தி சிம்ஸ் 2', அன்றாட வாழ்க்கையை நடத்திப் பார்க்கும் கேம்.

இன்னொன்றும் உண்டு, பாவெலியே சம்பந்தப்படாதது. பெர்க்லியில் டென்னிஸ் லீவியின் குழு, 'சோம்பேறிக் கண்' உள்ள 20 பெரியவர்களின் நல்ல கண்ணை மூடிவிட்டு, மங்கலான கண்ணால் கேம் ஆடவைத்தது. முக்கியப் பருவம் தாண்டியபின் சிகிச்சை இல்லை என்று சொல்லப்பட்டு வந்த குறை அது. 2011-இல் வெளியான முடிவில் பார்வை தெளிவாகத் தேறியிருந்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது என்னவென்றால், ஷூட்டிங் கேம் ஆடியவர்கள் மட்டுமல்ல, நகரம் கட்டும் சிம்சிட்டி ஆடிய சிலரும் தேறினார்கள். ஷூட்டிங்தான் மருந்து என்று அடித்துச் சொல்ல இது இடம் கொடுக்கவில்லை, பெரியவர்களின் மூளையும் இளகும் என்பதற்கு மட்டும் இது வலுவான சாட்சி.

எதிர்த்தரப்பு

2008-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வால்டர் பூட்டும் சகாக்களும் 20 மணி நேரத்துக்கும் மேல் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். மெடல் ஆஃப் ஹானர் ஒரு குழுவுக்கு, டெட்ரிஸ் ஒரு குழுவுக்கு, 'ரைஸ் ஆஃப் நேஷன்ஸ்' என்ற வியூக கேம் இன்னொரு குழுவுக்கு. நீண்ட காலம் ஆடிவந்த கேமர்கள் சில சோதனைகளில் முன்னிலையில் இருந்தார்கள், அது சரி. ஆனால் புதிதாகப் பயிற்சி பெற்றவர்களிடம் 2003-இல் சொன்ன அந்தப் பாய்ச்சல் வரவில்லை.

பூட்டும் டேனியல் சைமன்ஸும் பிறகு கேட்ட ஒரு கேள்வி எல்லாவற்றையும்விடக் கூர்மையானது. ஒரே சோதனையை இரண்டாம் முறை எழுதினால் யாருக்கும் கொஞ்சமாவது மதிப்பெண் கூடும், சோதனை பழகிவிடுவதாலேயே. அப்படியிருக்க, கேமின் பலன் பெரிதாகத் தெரிகிற ஆய்வுகள் சிலவற்றில் ஒப்பீட்டுக் குழு இரண்டாம் முறையும் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கிறதே, ஏன்? இரண்டு குழுக்களுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு பக்கம் ஏறியதால் வந்ததா, மறுபக்கம் ஏறவேண்டிய அளவு ஏறாததால் வந்ததா?

அதற்குப் பதிலாக அவர்கள் சந்தேகித்தது எதிர்பார்ப்பை. மாத்திரை ஆய்வில் உண்மை மருந்தும் வெற்று மாத்திரையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், யாருக்கு எது கிடைத்தது என்று தெரியாது. கேமில் அப்படி மறைக்கவே முடியாது. ஆடுகிறவருக்குத் தான் ஆடுவது என்னவென்று தெரியும். 2013-இல் அவர்கள் எளிமையான ஒன்றைச் செய்தார்கள். யாருக்கும் பயிற்சி கொடுக்கவில்லை, சிலருக்கு ஷூட்டிங் கேமின் காணொளியைக் காட்டினார்கள், சிலருக்கு டெட்ரிஸ் காணொளியை. அப்புறம் கவனச் சோதனைகளை விளக்கி, இந்த கேமை ஆடினால் இந்தச் சோதனையில் தேறுவீர்களா என்று கேட்டார்கள். ஷூட்டிங் கேம் பார்த்தவர்கள் கவனமும் பார்வை வேகமும் கூடும் என்றார்கள், டெட்ரிஸ் பார்த்தவர்கள் உருவத்தைச் சுழற்றுவதில் தேறுவோம் என்றார்கள். பயிற்சி ஆய்வுகளில் வந்த முடிவுகளும் இந்த எதிர்பார்ப்பும் ஏறக்குறைய ஒரே வடிவத்தில் இருந்தன.

எதிர்பார்ப்பால் மட்டுமே அத்தனையும் நடந்தது என்று இது நிரூபிக்கவில்லை. சாம்பல் நிற வேறுபாட்டைப் பிரித்தறியும் திறன், நம்பிக்கையால் மட்டும் மாதக்கணக்கில் நிற்கும் என்று ஏற்க எனக்கும் கடினமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு ஆய்வாளர் பக்கம் வந்துவிட்டது, அது சரியான இடம்தான்.

ஒரே இதழில் இரண்டு தீர்ப்பு

தனித்தனி ஆய்வுகள் முட்டிக்கொள்ளும்போது எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுவது வழக்கம், தொகுப்பாய்வு என்பார்கள். 2018-இல் 'சைக்கலாஜிக்கல் புல்லட்டின்' இதழில் இரண்டு தொகுப்பாய்வுகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று பாவெலியே, கிரீன் இருவரும் இடம்பெற்ற குழு, முதல் ஆசிரியர் பெனுவா பெதியூ. மற்றது ஜியோவானி சாலா, ஃபெர்னான் கோபே குழு.

பெதியூ குழுவின் கணக்கில், நெடுநாள் கேமர்களுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வித்தியாசம் திட்ட விலக்கத்தில் 0.55. பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் மட்டும் 0.34. இந்த எண்களைப் பலரும் அப்படியே ஒப்பித்துவிட்டுப் போகிறார்கள், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பயிற்சி பெறாத 100 பேரைத் திறன் வரிசையில் நிறுத்தினால், கீழிருந்து எண்ணும்போது நடுவில் 50-ஆம் இடத்தில் இருப்பவர் 0.34 முன்னேற்றத்தால் சுமார் 63-ஆம் இடத்துக்கு நகர்வார். அவ்வளவுதான். இல்லாமல் இல்லை, ஆனால் மனிதரையே மாற்றிவிடும் பாய்ச்சலும் இல்லை. 0.55 என்ற பெரிய எண்ணில், ஏற்கெனவே கூர்மையானவர்கள் கேமுக்கு வந்து சேர்வதும் கலந்திருக்கிறது, ஆகவே "கேமின் பலன்" என்று அதைக் காட்டுபவர்களை நம்ப வேண்டாம்.

சாலா, கோபே குழுவோ பயிற்சியின் பலன் மிகச் சிறியது அல்லது இல்லவே இல்லை என்று முடித்தது. மறு ஆண்டே ஹில்கார்டும் சிலரும் சேர்ந்து, பலன் கிடைத்த ஆய்வுகள் மட்டும் அச்சுக்கு வருவதாலும் ஒரே பயிற்சியின் தரவு பல கட்டுரைகளாகப் பிரிவதாலும் 0.34 என்பதே ஊதிப் பெருத்த எண் என்று எழுதினார்கள். பாவெலியே பக்கம் ஓய்ந்துவிடவில்லை. பெதியூ குழு 2023-இல் புதுப்பித்த கணக்கில் பயிற்சியின் பலன் 0.30.

இந்த இடத்தில் எனக்கு மரியாதை வருவது வேறொன்றால். 2019-இல் கிரீனும் பாவெலியேவும் பெரிய ஆய்வாளர் குழுவோடு சேர்ந்து, இத்தகைய பயிற்சி ஆய்வுகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஒரு வழிமுறைக் கட்டுரை வெளியிட்டார்கள். எதிர்பார்ப்பை எப்படிக் கையாள்வது, ஒப்பீட்டுக் குழுவை எப்படித் தேர்வது, எல்லாம் அதில் உண்டு. தன்னை விமர்சித்தவர்களின் கேள்வியைத் தன் துறையின் விதியாக மாற்றிக்கொள்வது எல்லோராலும் முடிகிற காரியமல்ல. இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும்: சிகிச்சைக்கான கேம் தயாரிக்கும் அகிலி நிறுவனத்தின் நிறுவனக் கூட்டாளிகளில் ஒருவர் பாவெலியே, அதைத் தன் கட்டுரைகளில் வெளிப்படையாக அறிவித்தும் இருக்கிறார். படிக்கும்போது இரண்டையும் சேர்த்தே மனத்தில் வைக்க வேண்டும்.

அப்படியானால் மூளையில் மாறுவது எது

2003 கட்டுரையில் ஒரு முரண் இருந்தது. கவனத்தைச் சிதறடிக்கும் உருவங்களை ஓரத்தில் வைத்தால், வேலை கடினமாகும்போது சாதாரண ஆட்கள் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை, கவனம் முழுதும் வேலையிலேயே தீர்ந்துவிடும். கேமர்களோ அப்போதும் அந்த உருவங்களால் பாதிக்கப்பட்டார்கள். அவர்களிடம் கவனம் மிச்சம் இருக்கிறது, அது வழிந்து ஓரத்துக்குப் போகிறது என்று விளக்கினார்கள். ஒரு ஆசிரியர் கேட்டால் என்ன நினைப்பார்? கவனம் சிதறுகிறது என்றுதானே!

2011-இல் ஜோதி மிஸ்ராவும் பாவெலியே, ஹில்யார்டு உள்ளிட்டோரும் மூளை மின்னலைகளை அளந்தபோது படம் தெளிவானது. திரையில் பல இடங்களில் எழுத்துகளும் எண்களும் வெவ்வேறு வேகத்தில் மினுக்கின, ஒரு இடத்தை மட்டும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு மினுக்கத்துக்கும் அதே வேகத்தில் மூளையில் ஓர் அலை எழும், அதனால் எந்த இடத்தை மூளை எவ்வளவு உள்ளே விடுகிறது என்று தனித்தனியாக அளந்துவிடலாம். கவனிக்க வேண்டிய இடத்துக்கு எழுந்த அலை கேமர்களிடம் பெரிதாகவில்லை. கவனிக்கக் கூடாத இடங்களின் அலை அவர்களிடம் கூடுதலாக அடங்கியிருந்தது. வேலை உண்மையிலேயே நெருக்கும்போது வேண்டாததை வெளியே நிறுத்துவதில் அவர்கள் கெட்டி. பாவெலியே இதைக் கவனத்தின் கட்டுப்பாடு என்றே பேசுகிறார். விரித்து வைக்க வேண்டியபோது விரிப்பது, குவிக்க வேண்டியபோது குவிப்பது, இரண்டுக்கும் நடுவே தாமதமில்லாமல் மாறுவது. ஷூட்டிங் கேம் ஆளைப் போட்டு வாங்குவதும் இதைத்தான், டெட்ரிஸ் கேட்காததும் இதைத்தான்.

துப்பாக்கி இல்லாமல்

காரணம் அதுதான் என்றால், சுடுவதை எடுத்துவிட்டு அந்த மாறும் கவனத்தை மட்டும் வைத்து ஒரு கேம் செய்தாலும் வேலை செய்ய வேண்டும். 2022-இல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் வந்த ஆய்வு இதைத்தான் சோதித்தது. ட்ரெண்டோ, ஜெனீவா பல்கலைக்கழகங்களின் குழு, முதல் ஆசிரியர் ஆஞ்சலா பாஸ்குவலோட்டோ, பாவெலியேவும் உண்டு. இத்தாலியில் 8 முதல் 12 வயதுவரை உள்ள 151 பிள்ளைகள். ஒரு குழுவுக்கு 'ஸ்கைஸ் ஆஃப் மனவாக்' என்ற கேம்: ராக்கு என்ற பறக்கும் உயிரினத்தோடு போய்ச் சிறுசிறு பணிகளை நேரக்கெடுவுக்குள் முடிக்க வேண்டும், நினைவில் வைக்கவும் திட்டமிடவும் கையைக் கட்டுப்படுத்தவும் வேண்டியிருக்கும். வாசிப்புப் பயிற்சி எதுவும் அதில் கிடையாது. மற்றக் குழுவுக்கு 'ஸ்கிராட்ச்', பிள்ளைகளுக்கான நிரல் மொழி. இரண்டுக்கும் வாரம் இரண்டு மணி நேரம், ஆறு வாரம்.

ஒப்பீட்டுக் குழுவைக் கவனியுங்கள். ஸ்கிராட்ச் சும்மா நேரம் போக்கும் வேலை அல்ல, அதிலும் மூளைக்கு வேலை உண்டு, பிள்ளைகளும் பெற்றோரும் அதிலிருந்து பலனை எதிர்பார்க்கத்தான் செய்வார்கள். 2003-இன் டெட்ரிஸோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ நேர்மையான எதிராளி. அப்படியும் கேம் ஆடிய குழு கவனக் கட்டுப்பாட்டில் முன்னேறியது, வாசிப்பின் வேகத்திலும் துல்லியத்திலும் முன்னேறியது, ஆறு மாதம் கழித்தும் அது நின்றது. பின்னர் இத்தாலிய மொழிப் பாட மதிப்பெண்களிலும் அதன் தடம் தெரிந்தது. வாசிக்கும்போது கண் ஒரு சொல்லிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது, பக்கத்து எழுத்துகளை அடக்கி வைக்கிறது, அடுத்து எங்கே போக வேண்டும் என்று முன்கூட்டியே ஓரத்தைப் பார்க்கிறது. எல்லாம் கவனத்தின் வேலைதான்.

பள்ளியில் யாராவது இதைக் கையில் எடுப்பதானால், 12 மணி நேரத்தை ஆறு வாரத்தில் பரப்பியதையும் விடாமல் எடுக்க வேண்டும். ஆய்வகத்தின் 50 மணி நேரமும் ஒன்பது வாரத்தில் பரப்பியதுதான். விடுமுறையில் விடிய விடிய ஆடுவதை இந்த ஆய்வுகளில் எதுவும் சோதிக்கவில்லை, அதற்கு இவற்றைச் சாட்சிக்கு இழுப்பது தவறு. இத்தாலிய மொழியில் எழுத்துக்கும் ஒலிக்கும் நேரடிப் பொருத்தம் உண்டு, எழுதியபடியே வாசிக்கலாம். ஆங்கிலத்தைப் போல எழுத்து ஒன்றும் ஒலி வேறொன்றுமாக உள்ள மொழியில் வாசிக்கப் பழகும் பிள்ளைக்குக் கவனத்தைத் தாண்டிய சுமைகள் அதிகம். இந்த 12 மணி நேரத்தின் பலன் அங்கேயும் கிடைக்கிறதா என்று பார்க்கும் ஆய்வில், பிள்ளைகளின் எதிர்பார்ப்பையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்தால், பூட்டும் சைமன்ஸும் கேட்ட கேள்விக்கு நேரடியான பதில் கிடைக்கும்.